பத்து சனிக்கிழமை, பதினாறு பேர்: ஈரோட்டில் ஒரு வேதாகமப் பாடபேத வகுப்பு

வேதாகமத்தின் பழைய கையெழுத்துப் பிரதிகளுக்குள் இருக்கிற வேறுபாடுகளை, அதாவது பாடபேதங்களை, ஒப்பிட்டுப் படிக்க ஈரோட்டில் ஒரு சபையின் பின்பக்க ஹாலில் பத்து சனிக்கிழமை நடந்த வகுப்பைப் பற்றி எழுதுகிறேன். சேரலாமா வேண்டாமா என்று நாலைந்து பேர் போன் போட்டுக் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கேயே விவரமாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சேருங்கள். ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போகிறவர், வீட்டில் தினமும் வேதம் வாசிக்கிறவர், ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறவர், யாராக இருந்தாலும் சேருங்கள். வகுப்பில் குறைகளும் உண்டு, அதையும் கீழே எழுதியிருக்கிறேன்.

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆரம்பித்து ஏழு மணிக்கு முடியும். பத்து வாரத்துக்கும் சேர்த்து 750 ரூபாய், ஜெராக்ஸ் தாளும் டீயும் அதற்குள்ளேயே. கிரேக்கம், எபிரெயம் ஒன்றும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. இறையியல் கல்லூரியில் பல வருஷம் புதிய ஏற்பாடு கற்பித்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் நடத்துகிறார், எல்லாரும் அவரை ஐயா என்றுதான் கூப்பிடுகிறோம். எங்கள் வகுப்பில் 16 பேர். பாதிப்பேர் சி.எஸ்.ஐ., நாலு பேர் கத்தோலிக்கர், மீதி பெந்தெகொஸ்தே சபைக்காரர்கள். கோபியிலிருந்து பஸ் ஏறி வருகிற ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர், பெருந்துறை சிப்காட்டில் ஷிப்ட் முடித்து நேராக வருகிற தம்பி ஒருவர், காலேஜ் படிக்கிற ஒரு பெண், தாராபுரத்திலிருந்து பைக்கில் வருகிற புருஷன் பெண்டாட்டி. மூன்று விதமான சபைக்காரர்கள் ஒரே மேசையில் வேதத்தைத் திறந்துவைத்து உட்கார்ந்ததை நான் இதற்கு முன் ஒரு கலியாண வீட்டில்கூடப் பார்த்ததில்லை.

பாடம் என்னவென்றால், நம் கையில் இருக்கிற புதிய ஏற்பாடு எந்தெந்தக் கையெழுத்துப் பிரதிகள் வழியாக நம்மிடம் வந்தது, அந்தப் பிரதிகளுக்குள் எங்கெங்கே வேறுபாடு இருக்கிறது, எது மூலத்துக்குப் பக்கமானது என்று எப்படி முடிவு செய்கிறார்கள், அந்த முடிவால் ஒரு வசனத்தின் அர்த்தமும் அதை வைத்துச் செய்கிற பிரசங்கமும் எப்படி மாறுகிறது என்பதுதான். பாடபேதம் என்கிற சொல்லை ஐயா தமிழ்ச் சுவடிப் பதிப்பிலிருந்தே எடுத்துக்கொண்டார். 1887ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சா. ஊர் ஊராகச் சுவடி தேடி, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, இந்த ஏட்டில் இப்படி, அந்த ஏட்டில் அப்படி என்று குறித்துவைத்தாரே, அதே வேலைதான் இது, வேதத்துக்குச் செய்கிறார்கள், அவ்வளவுதான் என்றார். அந்த ஒரு ஒப்பீட்டிலேயே பலருடைய பயம் பாதி போய்விட்டது.

முதல் வகுப்பை நான் மறக்கவே மாட்டேன். பன்னிரண்டு வரி உள்ள ஒரு தமிழ்ப் பத்தியைக் கொடுத்தார். அதில் புள்ளி கிடையாது, சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது, பழைய ஏட்டுச்சுவடி மாதிரி. பழைய கிரேக்கப் பிரதிகளும் பெரிய எழுத்தில் இடைவெளி இல்லாமல்தான் எழுதப்பட்டிருக்கும் என்பதைக் காட்டத்தான் இந்த ஏற்பாடு. முதல் இரண்டு பேர் அதைப் பார்த்துப் பெயர்த்து எழுத, அவர்கள் எழுதியதைப் பார்த்து அடுத்த நாலு பேர் எழுத, அதைப் பார்த்து மற்றவர்கள் எழுத, கடைசியில் மூலத்தையும் முதல் இரண்டு பிரதியையும் எடுத்து ஒளித்துவைத்துவிட்டு, இருக்கிறதை வைத்து மூலத்தைக் கண்டுபிடியுங்கள் என்று விட்டுவிட்டார்.

நான் மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுகிறவன். இருபத்திரண்டு வருஷமாகச் சிட்டையைப் பார்த்துப் பேரேட்டில் ஏற்றுகிறேன். அடுத்தடுத்து இரண்டு வரி ஒரே பெயரில் முடிந்தால் கண் முதல் வரியின் முடிவிலிருந்து நேராக இரண்டாம் வரியின் முடிவுக்குத் தாவிவிடும், நடுவில் ஒரு மூட்டைக் கணக்கே காணாமல் போகும், ராத்திரி எட்டு மணிக்கு மொத்தம் இடிக்கும்போதுதான் தெரியும். வகுப்பில் எங்கள் பதினாறு பேரில் மூன்று பேர் சரியாக அதே இடத்தில் ஒரு வரியை விட்டிருந்தார்கள், காரணம் இரண்டு வரியும் ஒரே சொல்லில் முடிந்திருந்தது. இன்னொருவர் ‘பிழை’ என்று இருந்ததை, முன்னால் எழுதியவர் தவறிவிட்டார் என்று நினைத்து ‘மழை’ என்று திருத்தியிருந்தார். நல்ல எண்ணத்தில்தான் திருத்தினார். ஐயா அந்த இடத்தில் நிறுத்தி, கை தவறி நடந்ததைக் கண்டுபிடிப்பது சுலபம், நல்ல மனசோடு திருத்தினதைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம் என்று சொன்னார். அரை மணி நேரத்தில் இரண்டே இரண்டு இடம் தவிர மூலத்தை முழுசாகத் திரும்ப எடுத்துவிட்டோம். ஆளுக்கு ஆள் தவறியிருந்தாலும் எல்லாரும் ஒரே இடத்தில் தவறவில்லை, அதனால்தான் அது முடிந்தது. பிரதி அதிகமாக இருந்தால் வேறுபாடும் அதிகம் வரும், ஆனால் சரிபார்க்கிற சாட்சியும் கூடவே அதிகமாகும் என்பது எந்தப் புத்தகத்தையும் திறக்காமலே புரிந்துவிட்டது. புதிய ஏற்பாட்டுக்குக் கிரேக்கத்தில் மட்டும் 5,000க்கு மேல் கையெழுத்துப் பிரதிகள் இருக்கின்றன, சிறு துண்டுகளையும் சேர்த்து.

தாராபுரத்துக்காரர் அன்றைக்கே ஒரு நல்ல கேள்வி கேட்டார். “ஏனுங்கய்யா, எங்கூர்ல அண்ணமார் கதைய உடுக்கை அடிச்சுப் பாடுறவங்க ஆளுக்கொரு மாதிரித்தான் பாடுறாங்க. அதுல எது மூலம்னு யாருங்க சொல்றது? இதும் அந்த மாதிரித்தானுங்களா?” ஐயா உடனே பதில் சொல்லவில்லை, கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சொன்னார். பாடுகிற கதைக்கு ஒவ்வொரு ராத்திரியும் ஒரு மூலம், பாடுகிறவரும் கேட்கிற ஊரும் சேர்ந்து உண்டாக்குவது அது. பவுல் ரோமாபுரிக்கு எழுதினது அப்படியில்லை, ஒருநாள் ஒருவர் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதி, ஒரு கையில் கொடுத்தனுப்பின கடிதம், அதனால் அதற்கு ஒரு மூலம் இருந்தது என்று தேடலாம். சுவிசேஷங்களில் அந்த இரண்டும் கலந்திருக்கிறது, எழுதப்படுமுன் அவை வாயால் சொல்லப்பட்டவை, அதனால் அங்கே கேள்வி இன்னும் கஷ்டம். இவ்வளவு தெளிவாக இந்த வித்தியாசத்தை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

மூன்றாம் வாரம் மாற்கு சுவிசேஷத்தின் கடைசி அதிகாரம், 16. அதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் எழுத வேண்டும், நான் இந்த வகுப்பில் சேர்ந்ததே அதற்காகத்தான்.

என் சின்னம்மாவுக்குச் சர்க்கரை வியாதி. சில வருஷம் முன்னால் ஒரு சுகமளிக்கும் கூட்டத்துக்குப் போனவர், பிரசங்கம் பண்ணினவர் தலையில் கைவைத்து ஜெபித்து, இனி மாத்திரை போட்டால் அது அவிசுவாசம் என்று சொன்னதை நம்பி மாத்திரையை நிறுத்திவிட்டார். அதற்கு அந்தப் பிரசங்கியார் காட்டின வசனம் மாற்கு 16:18, “வியாதியஸ்தர்மேல் கைகளை வைப்பார்கள், அப்பொழுது அவர்கள் சொஸ்தமாவார்கள்.” நாலு மாசத்தில் காலில் புண் வந்து, ஆறாமல், கோயமுத்தூரில் சேர்த்து இரண்டு விரலை எடுக்கவேண்டியதாகிவிட்டது. சின்னம்மா இன்றைக்கும் தன் விசுவாசம்தான் குறைச்சல் என்று சொல்கிறார். அந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு வலிக்கும், ஆனால் வேத வசனத்துக்கு எதிராக நான் என்ன சொல்லமுடியும் என்று வாயை மூடிக்கொள்வேன்.

ஐயா அன்றைக்கு ஒரு வெள்ளைத் துணியில் படம் போட்டுக் காட்டினார். சீனாய் மலை அடிவாரத்தில் புனித கத்தரீன் மடத்தில் இருந்த நாலாம் நூற்றாண்டுத் தோல் சுவடி, திஷன்டார்ஃப் என்கிற ஜெர்மானிய அறிஞர் 1844லும் 1859லும் அங்கே கண்டு வெளியே கொண்டுவந்தது. பெரும்பகுதி இப்போது லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது, 1933ல் சோவியத் அரசிடமிருந்து ஒரு லட்சம் பவுண்டுக்கு வாங்கினார்கள், மீதித் தாள்கள் லைப்சிக், செயின்ட் பீட்டர்ஸ்பர்க், சீனாய் மடம் என்று பிரிந்து கிடக்கின்றன. 2009லிருந்து இருக்கிற தாள்கள் எல்லாவற்றையும் யார் வேண்டுமானாலும் இணையத்திலேயே பார்க்கலாம். அதில் மாற்கு முடிகிற பக்கத்தைக் காட்டினார். எட்டாம் வசனத்தோடு நின்றுவிடுகிறது. வத்திக்கான் நூலகத்தில் இருக்கிற அதே காலத்துச் சுவடியிலும் அப்படியே, அதில் அந்த இடத்துக்குப் பிறகு பக்கத்தில் ஒரு நெடுவரிசை முழுதும் வெறுமையாகவே விடப்பட்டிருக்கிறது. பாம்பை எடுப்பதும் விஷம் குடிப்பதும் கைவைத்துச் சொஸ்தமாக்குவதும் வருகிற 9 முதல் 20 வரை உள்ள வசனங்கள் இந்த இரண்டிலும் இல்லை. மாற்கு எழுதியது எட்டாம் வசனத்தோடு நின்றது அல்லது அதற்குப் பின்னால் இருந்தது தொலைந்துபோனது, இந்த நீண்ட முடிவு பிறகு சேர்ந்தது என்பதுதான் இன்றைக்குப் பெரும்பாலான அறிஞர்களின் முடிவு.

அங்கேயே நிறுத்தியிருந்தால் நான் கோபத்தோடு வீட்டுக்குப் போயிருப்பேன். ஆனால் ஐயா அடுத்த பக்கத்தையும் காட்டினார். இந்த நீண்ட முடிவு நேற்று எழுதினது இல்லை, ஏறக்குறைய 180ஆம் ஆண்டிலேயே இரேனேயு என்கிற சபைப் பிதா அதிலிருந்து ஒரு வசனத்தை மாற்கு என்றே சொல்லி எடுத்தாளுகிறார், கிரேக்கப் பிரதிகளில் மிகப் பெரும்பாலானவற்றில் அது இருக்கிறது, கத்தோலிக்கத் திருச்சபை அதைத் திருமறையின் பகுதியாகவே வைத்திருக்கிறது. அதனால் கிழித்து எறியவேண்டியது என்று யாரும் சொல்லவில்லை. ஒரு மனுஷனுடைய மாத்திரையை நிறுத்துகிற அளவுக்கு ஒரு வசனத்தின்மேல் பாரம் ஏற்றுகிறவர், அந்த வசனத்தின் அஸ்திவாரத்தைப் பார்த்துவிட்டு ஏற்ற வேண்டும், பார்க்காமல் ஏற்றினவர் அதற்குக் கணக்குக் கொடுக்க வேண்டும் என்றார். அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெருந்துறைத் தம்பி பெந்தெகொஸ்தே சபைக்காரர், கைவைத்து ஜெபிப்பதில் உறுதியான நம்பிக்கை உள்ளவர். அவரும் ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, யாக்கோபு 5ல் எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொல்லியிருக்குதுங்க, நான் அதை வெச்சுத்தான் ஜெபிப்பேன், மாத்திரையை நிறுத்துன்னு அங்க எங்கயும் சொல்லலை என்றார். அவருடைய விசுவாசம் கொஞ்சமும் குறையவில்லை, நிற்கிற இடத்தை மட்டும் மாற்றிக்கொண்டார்.

அதே வகுப்பில் இன்னொன்று. எட்டாம் வசனம் நம் பழைய மொழிபெயர்ப்பில் “அவர்கள் பயந்திருந்தபடியினால் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாமற்போனார்கள்” என்று முடிகிறது. தமிழில் வினை கடைசியில் வரவேண்டும், அதனால் பயம் நடுவில் போய்விட்டது, மௌனம் கடைசியில் நிற்கிறது. கிரேக்கத்தில் வரிசை வேறு: யாருக்கும் ஒன்றும் சொல்லவில்லை என்பது முன்னால், ‘பயந்தார்கள், ஏனெனில்’ என்கிற இரண்டு சொல் கடைசியில். ஒரு சுவிசேஷமே ‘ஏனெனில்’ என்பதற்குச் சமமான ஒரு சின்னச் சொல்லில் அந்தரத்தில் நிற்கிறது. காலியான கல்லறை, நடுங்குகிற மூன்று பெண்கள், அதற்குமேல் ஒன்றுமில்லை. இதை வைத்து ஈஸ்டருக்கு ஒரு பிரசங்கம் கேட்க எனக்கு ஆசையாக இருக்கிறது.

விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் கதை ஐந்தாம் வாரம் வந்தது. யோவான் 7:53 முதல் 8:11 வரை உள்ள பகுதி, மேலே சொன்ன இரண்டு பெரிய சுவடிகளிலும் அதற்கும் முந்திய நாணல்தாள் பிரதிகளிலும் இல்லை. பிந்திய சில பிரதிகளில் இது யோவானிலேயே இல்லாமல் லூக்கா 21ஆம் அதிகாரத்தின் முடிவில் வைக்கப்பட்டிருக்கிறது, அதாவது எங்கே வைப்பது என்று தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்த ஒரு கதை. கோபி டீச்சர் முகம் வாடிப்போய், “அப்புடீன்னா இது பொய்யாங்கய்யா? நான் முப்பது வருஷமா பிள்ளைங்களுக்கு இதைத்தானுங்க சொல்லிக்குடுத்தேன், உங்களில் பாவமில்லாதவன் முதல் கல்லை எறியட்டும்னு” என்று கேட்டார். ஐயா சொன்ன பதில்: “டீச்சர், இதை யோவான் எழுதினாரா என்பது ஒரு கேள்வி. இது நடந்ததா என்பது இன்னொரு கேள்வி. முதலாவதுக்குப் பிரதிகள் பதில் சொல்லும், இல்லை என்றுதான் சொல்கின்றன. இரண்டாவதுக்குப் பிரதிகளால் பதில் சொல்ல முடியாது. மூன்றாம் நூற்றாண்டில் சிரியா பக்கம் ஆயர்களுக்காக எழுதப்பட்ட ஒரு நூலிலேயே இந்தக் கதையைச் சொல்லி, மனந்திரும்பினவர்களைத் தள்ளாதே என்று புத்தி சொல்லியிருக்கிறது. அவ்வளவு பழசு இது. நீங்க பிள்ளைகளுக்குச் சொல்லுங்க, யோவான் எழுதினார் என்று மட்டும் சத்தியம் பண்ணாதீங்க.” டீச்சர் அதை நோட்டில் அப்படியே எழுதிக்கொண்டார், எனக்கும் காட்டினார்.

பரமண்டல ஜெபம் பற்றிய வாரம் எங்கள் வீட்டுக் கதை. என் வீட்டுக்காரி கருமத்தம்பட்டிக் கத்தோலிக்கக் குடும்பம். துக்க வீட்டில் எல்லாரும் சேர்ந்து ஜெபம் சொல்லும்போது அவர்கள் “தீமையிலிருந்து எங்களை விடுவித்தருளும்” என்று சொல்லி ஆமென் போட்டு நிறுத்திவிடுவார்கள், நாங்கள் மட்டும் “ராஜ்யமும், வல்லமையும், மகிமையும் என்றென்றைக்கும் உம்முடையவைகளே” என்று தனியாக ஓடிக்கொண்டிருப்போம். என் மாமனார் வீட்டில் நாங்கள் எதையோ சேர்த்துச் சொல்கிறோம் என்பார்கள், எங்கள் வீட்டில் அவர்கள் குறைத்துச் சொல்கிறார்கள் என்பார்கள். ஆதிப் பிரதிகளில் மத்தேயு 6:13ல் அந்தக் கடைசி வாக்கியம் இல்லை, ஆனால் ஆதிச் சபையின் ‘திதாக்கே’ என்கிற மிகப் பழைய கையேட்டில் அதைப்போன்ற சிறிய புகழ்ச்சி இந்த ஜெபத்தின் முடிவில் இருக்கிறது, அதன் வேர் 1 நாளாகமம் 29ல் தாவீது பண்ணின ஜெபத்தில் இருக்கிறது. சபை கூடி ஜெபித்தபோது வாயில் வந்த துதி, எழுதுகிறவர் கையில் ஏறி வேதத்துக்குள் வந்துவிட்டது என்பதுதான் பொதுவான கருத்து. அன்றைக்கு ராத்திரி இதை வீட்டில் சொன்னபோது வீட்டுக்காரி, அப்ப ரெண்டு பேருமே சரிதானே என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள். இப்போது பிள்ளைகளோடு இரண்டையும் சொல்கிறோம், ஒரு நாள் நின்று, ஒரு நாள் தொடர்ந்து.

1 யோவான் 5:7ஐப் பற்றி நிறையப் பேர் கேள்விப்பட்டிருப்பீர்கள், அதனால் சுருக்கமாக. “பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர், பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி என்பவர்களே” என்று நம் பழைய வேதாகமத்தில் இருக்கிறது, 1995ல் கத்தோலிக்கரும் மற்றவர்களும் சேர்ந்து வெளியிட்ட திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பில் அந்த வாக்கியம் இல்லை. எராஸ்மஸ் என்கிற அறிஞர் 1516லும் 1519லும் அச்சிட்ட கிரேக்கப் பதிப்புகளில், தான் பார்த்த கிரேக்கப் பிரதிகளில் இல்லாததால், இதைச் சேர்க்கவில்லை, எதிர்ப்பு வந்தபிறகு 1522ஆம் ஆண்டு மூன்றாம் பதிப்பில் சேர்த்தார், அந்த வழி வந்த அச்சுப் பதிப்புகளிலிருந்துதான் பழைய மொழிபெயர்ப்புகள் பல வந்தன. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி ஒரே தேவன் என்கிற திரித்துவத்தை மறுக்கிறவர்கள் வீட்டு வாசலில் வந்து நின்று இதைக் காட்டி நம் பிள்ளைகளைத் திணறடிக்கிறார்கள். நாலாம் நூற்றாண்டில் திரித்துவத்துக்காக வாதாடின கிரேக்கப் பிதாக்கள் இந்த வாக்கியத்தை எடுத்துக் காட்டவே இல்லை, அது இல்லாமலே அந்த உபதேசத்தை நிலைநிறுத்தினார்கள் என்பதை ஐயா சொன்னபோதுதான் அந்தக் கேள்விக்கு நடுங்க வேண்டியதில்லை என்று தெரிந்தது. இதை எந்தப் பிரசங்க பீடத்திலிருந்தும் எனக்கு யாரும் சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை என்பதுதான் என் ஆதங்கம். ஆயர்கள் இறையியல் கல்லூரியில் இதையெல்லாம் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். ஜனங்களுக்குச் சொன்னால் இடறிவிடுவார்கள் என்று மறைத்துவைக்கிறார்கள். அப்புறம் பிள்ளைகள் செல்போனில் யாரோ எகத்தாளமாகப் பேசுகிற வீடியோவில் இதை முதன்முதலாகக் கேட்டு, இத்தனை வருஷம் நம்மை ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்கிறார்கள். சபைக்குள் அன்போடு சொல்லியிருந்தால் அது பாடமாக இருந்திருக்கும்.

ஏழாம் வாரம் பெங்கல் என்கிற ஜெர்மானியர். மாணவராக இருந்தபோது, பிரதிகளுக்குள் இத்தனை வேறுபாடா என்று கலங்கினவர், கலங்கினதோடு நிற்காமல் ஆயுசில் பெரும்பகுதியை அதிலேயே செலவழித்து 1734ல் ஒரு கிரேக்கப் பதிப்பைக் கொண்டுவந்தார். தரங்கம்பாடியில் 1715ல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சில் முடித்த சீகன்பால்கு எந்த ஜெர்மானியக் கிறிஸ்தவப் பக்தி இயக்கத்திலிருந்து வந்தாரோ, பெங்கலும் அதே இயக்கத்தைச் சேர்ந்தவர். விசுவாசம் இல்லாதவர்கள்தான் இந்த ஆராய்ச்சியைச் செய்கிறார்கள் என்று சொல்கிறவர்களுக்கு நான் இனி இவரைத்தான் சொல்வேன். எழுதுவதற்குச் சுலபமான வாசகத்தைவிடக் கடினமான வாசகம்தான் மூலமாக இருக்கக்கூடும் என்கிற விதி அவருடையது. அதற்கு ஐயா எடுத்த உதாரணம் மாற்கு 1:41. குஷ்டரோகியைப் பார்த்து “இயேசு மனதுருகி” என்று நாம் படிக்கிறோம், பேசா என்கிற ஒரு பழைய பிரதியிலும் சில லத்தீன் பிரதிகளிலும் ‘கோபங்கொண்டு’ என்று இருக்கிறது. மனதுருகினார் என்பதைக் கோபப்பட்டார் என்று யாராவது மாற்றுவார்களா, கோபத்தைத்தானே உருக்கமாக மாற்றுவார்கள் என்று கேட்டார். அறிஞர்கள் இன்னும் ஒரே முடிவுக்கு வரவில்லை. ஆனால் அந்தக் கோபம் யார்மேல், வியாதியின்மேலா, அந்த மனுஷனை ஊருக்கு வெளியே தள்ளினவர்கள்மேலா என்று நாங்கள் அன்றைக்கு டீ ஆறிப்போகும்வரை பேசினோம்.

காலேஜ் பெண் அதிகம் பேசமாட்டாள். ரோமர் 16:7 வந்த அன்று, “சொல்லு அம்மிணி, யூனியா ஆணா பெண்ணா?” என்று ஐயா கேட்டார். “அன்றோனீக்கையும், யூனீயாவையும் வாழ்த்துங்கள்” என்று இருக்கிறது, ‘அவர்கள்’ என்று இரண்டு பேரையும் சேர்த்துப் பன்மையில் வேறு சொல்லியிருக்கிறது, தமிழை வைத்துக் கண்டுபிடிக்கவே முடியாது. நாலாம் நூற்றாண்டில் கிறிசோஸ்தம் என்கிற சபைப் பிதா இவரைப் பெண் என்றே எடுத்துக்கொண்டு, அப்போஸ்தலர் என்று எண்ணப்படுகிற அளவுக்கு இந்தப் பெண்ணுக்கு எவ்வளவு ஞானம் என்று வியந்திருக்கிறார். பழைய பிரதிகளில் ஒலிக்குறி கிடையாது, பின்னால் அச்சுக்காரர்கள் எந்தக் குறியைப் போடுகிறார்களோ அதைப் பொறுத்து ஆண் பெயராகவும் படிக்கலாம். 20ஆம் நூற்றாண்டில் பெரும்பகுதி காலம் அறிஞர்கள் பயன்படுத்தின கிரேக்கப் பதிப்பு ஆண் பெயராகவே போட்டிருந்தது, 1998ல் வந்த அச்சில்தான் திரும்பவும் பெண்ணானார். ஒரு சின்னக் குறி. அந்தப் பெண் அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் கேள்வி கேட்க ஆரம்பித்தாள்.

பழைய ஏற்பாட்டுக்கு ஒரே ஒரு வாரம்தான், அதில் எனக்கு ரொம்பப் பிடித்தது கோலியாத்து. 1 சாமுவேல் 17ல் “ஆறு முழமும் ஒரு ஜாணும்” என்று நம் வேதத்தில் இருக்கிறது, ஒன்பதே முக்கால் அடி வரும். சவக்கடல் பக்கத்தில் கும்ரான் குகையில் கிடைத்த சாமுவேல் சுருளிலும் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பிலும் நாலு முழமும் ஒரு ஜாணும்தான், ஆறே முக்கால் அடி. சத்தியமங்கலத்து மல்லியை முழம் போட்டு வாங்குகிற நமக்கு இதை விளக்கவே வேண்டாம், ஐயா கையை நீட்டி அளந்தே காட்டினார். உயரம் குறைந்தால் கதையின் கேள்வி மாறுகிறது. இஸ்ரவேலில் எல்லாரும் தன் தோளுக்குக் கீழே இருக்கிற அளவுக்கு உயரமானவன் சவுல் என்று வேதமே சொல்கிறது. எதிரி அரக்கன் இல்லை, ஒரு பெரிய ஆள்தான் என்றால், எதிரே போயிருக்கவேண்டியவன் ராஜாதான். அவன் கலங்கிப் பயந்து நின்றான், ஆடு மேய்க்கிற பையன் போனான்.

இனி குறைகள். ஜெராக்ஸ் தாள்கள் பாதி மங்கல், சுவடிப் படங்கள் வெறும் கறுப்புத் திட்டாகத்தான் இருந்தன. படத்தை போனில் அனுப்பிவைத்தால் போதும், கேட்டோம், கடைசி வாரம்வரை நடக்கவில்லை. பழைய ஏற்பாட்டை ஒரு சாயங்காலத்தில் அடைத்தது சரியில்லை. ஆறு மணிக்குமேல் ரோட்டுச் சத்தம் அதிகம், மைக் கிடையாது, பின் வரிசையில் உட்கார்ந்தால் ஐயாவின் குரல் கேட்காது, சீக்கிரம் போய் முன்னால் உட்காருங்கள். அதைவிட முக்கியமான ஒரு குறை. பழைய மொழிபெயர்ப்புக்கு அடிப்படையான கிரேக்க வாசகமே சரி என்று உறுதியாக நம்புகிறவர் ஒருவர் எங்கள் வகுப்பில் இருந்தார், படித்தவர், காரணங்களோடு வந்திருந்தார். ஐயா அவரை மரியாதையோடுதான் கேட்டார், ஆனால் பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டார். அந்தப் பக்கத்து நியாயத்துக்கு ஒரு முழு வகுப்பு கொடுத்திருக்க வேண்டும். அவர் எட்டாம் வாரத்திலிருந்து வரவில்லை, எனக்கு அது வருத்தம்.

“உபவாசத்தினாலும்” என்கிற சொல் மாற்கு 9:29ல் சில ஆதிப் பிரதிகளில் இல்லை என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டு நகர்ந்ததும் அப்படித்தான். வெள்ளிக்கிழமை தோறும் உபவாச ஜெபம் நடத்துகிற சபைகள் உள்ள ஊர் இது, அதைக் கேட்டு மூன்று பேர் கலங்கிப் போனார்கள். இயேசுவே உபவாசித்தார், அப்போஸ்தலர் நடபடிகளில் அந்தியோகியாச் சபை உபவாசித்தது, அந்த ஒரு சொல் போனதால் உபவாசம் போய்விடாது என்று அவர்களுக்கு டீக்கடையில் நாங்களே பேசித் தேற்ற வேண்டியிருந்தது.

சேருகிறவர்கள் பழைய மொழிபெயர்ப்பு ஒன்றும் திருவிவிலியம் ஒன்றும் இரண்டும் கொண்டுபோங்கள், ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஒப்பிட முடியாது. அடிக்குறிப்பு உள்ள பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள், வயசானவர்கள் ஒரு பூதக்கண்ணாடியும் எடுத்துக்கொள்ளுங்கள், அடிக்குறிப்பு எழுத்து பொடியாகத்தான் இருக்கும். பைக் நிறுத்த ஹாலுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் இடம் இருக்கிறது. பழைய ஏற்பாட்டுக்கு மட்டும் தனியாக எட்டு வாரம் அடுத்து நடத்தப்போவதாக ஐயா சொன்னார், மாசியில் மஞ்சள் வரத்து ஏறிவிட்டால் எனக்குச் சனிக்கிழமை கிடைக்காது, அதற்கு முன்னால் ஆரம்பியுங்கள் என்று கேட்டுவைத்திருக்கிறேன். சின்னம்மாவையும் கூட்டிவருகிறேன் என்று அவர் பெயரையும் சேர்த்தே எழுதிக் கொடுத்துவிட்டேன்.